மேஸ்திரி போதுமா, ஆர்க்கிடெக்ட் வேண்டுமா: பழைய வீட்டின் மேல் மாடி எழுப்பப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். திருச்சியில் 1987-இல் உங்கள் அப்பா கட்டிய 1,100 சதுர அடி வீடு. அப்பாவும் அம்மாவும் கீழே இருக்கிறார்கள். நீங்கள் மனைவி, பிள்ளைகளோடு சென்னையை விட்டு வந்து மேலே ஒரு மாடி எழுப்பிக் குடியேறப் போகிறீர்கள். அப்படியே கீழ்வீட்டின் அடுப்படியையும் பாத்ரூமையும் மாற்ற வேண்டும். தெரிந்த மேஸ்திரி சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார், பிளானையும் தானே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஓர் ஆர்க்கிடெக்ட் 3 லட்சம் கேட்கிறார். அந்தக் காசுக்கு மாடி முழுக்க நல்ல டைல்ஸ் போட்டுவிடலாமே, ஆர்க்கிடெக்ட் அவசியமா? நீங்கள் எழுதியது இது. ஆனால் கடைசி வரியில் ‘அப்பா ஒன்று சொல்கிறார், மேஸ்திரி ஒன்று சொல்கிறார், ஆர்க்கிடெக்ட் வேறொன்று சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. சிவில் படித்துவிட்டு 24 வருடமாகத் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பவன். ஆர்க்கிடெக்ட்கள் வரைந்த வீடுகளைக் கட்டியிருக்கிறேன், மேஸ்திரி கரியால் தரையில் கோடு போட்டுக் காட்டிய வீடுகளையும் கட்டியிருக்கிறேன். ஆரம்பத்தில் நானே பிளான் வரைந்து கட்டிய வீடுகளும் உண்டு, அவற்றில் சிலவற்றை இப்போது கடந்துபோகும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். ஆக, கட்டுகிறவனின் பக்கச் சாய்வு என் பேச்சில் இருக்கும்.

ஆர்க்கிடெக்டா மேஸ்திரியா என்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் இன்னொரு கேள்வி நிற்கிறது. அந்தப் பழைய வீடு மேலே ஒரு மாடியைத் தாங்குமா? இதை மூவரில் யாருமே சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து ‘ஸ்ட்ராங்கா இருக்கு சார்’ என்று சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் தட்டிப் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை இது. கணக்கு போட்டுப் பாருங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழும்பினால் நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 400 கிலோ. 5 அங்குலத் தளம் போட்டால் ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 29 கிலோ, அதன் மேல் டைல்ஸ், ஆட்கள், பீரோ. உச்சியில் 2,000 லிட்டர் டேங்க் வைத்தால் தண்ணீர் மட்டும் 2 டன். இத்தனையும் இறங்கப் போவது உங்கள் அப்பா 1987-இல் போட்ட அஸ்திவாரத்தின் மேல்.

அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்குகிற மாதிரி கட்டப்பட்டவை. அது தப்பான முறை இல்லை. ஆனால் மாடி எழுப்பினால் மேல் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே வர வேண்டும், நினைத்த இடத்தில் அறை பிரிக்க முடியாது. இரண்டாவது, அன்றைக்குப் போட்ட கம்பி. இன்றைக்கு எல்லோரும் போடும் டி.எம்.டி. கம்பி அப்போது பரவலாக இல்லை, முறுக்குக் கம்பிதான். அது சீக்கிரம் துருப்பிடிக்கும் குணமுள்ளது. உங்கள் தளத்தின் அடிப்பக்கம், குறிப்பாகப் பாத்ரூமுக்கும் சன்ஷேடுக்கும் கீழே, பூச்சு உப்பியோ காரை பெயர்ந்து கம்பி தெரிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துரு ஆரம்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆரம்பிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது மண். களிமண்ணோ கரிசலோ இருந்தால் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், பாரம் கூடக்கூட வெடிப்பு காட்டும்.

ஆகவே முதல் செலவு இதற்கு: கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து, வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை குழி தோண்டிக் காட்டுங்கள். அடியில் எவ்வளவு அகலம், கல்லா செங்கல்லா, எத்தனை அடி ஆழம், எந்த மண்ணில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தளத்தைச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் தட்டிச் சோதிப்பார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு ஊகம் மட்டுமே தரும். சந்தேகம் இருந்தால் தளத்தில் உருளையாக ஒரு துண்டு அறுத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். விடை மூன்றில் ஒன்றாக வரும். ஒன்று, தாங்கும், மேல் சுவரைப் பாரம் குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த சிமெண்ட் கல்) கட்டுங்கள் (செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்). இரண்டு, பழைய சுவரை நம்பாமல் பக்கத்தில் புதுத் தூண்கள் எழுப்பி மாடியை அவற்றின் மேல் உட்கார வையுங்கள். மூன்று, இடித்துக் கட்டுவதே மேல். நான் நேரில் பார்க்காத வீட்டுக்கு இதில் எது என்று சொன்னால் அது ஜோசியம்.

ஆர்க்கிடெக்ட் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது, அதை இப்போதே தீர்த்துக்கொள்வோம். 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஐந்து வருடப் படிப்பை முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்கு வடிவமைப்பு செய்து தரும் வேலையை மற்றவர் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அது பாதுகாப்பது பட்டத்தை, தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மேஸ்திரியோ ஒரு சிவில் இன்ஜினியரோ பிளான் போட்டால் அது குற்றமில்லை. போர்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எழுதிவைத்திருப்பவரிடம் மட்டும் பதிவு எண்ணைக் கேளுங்கள், சி.ஏ. என்று தொடங்கி வருடம், எண் என்று இருக்கும். உண்மையான ஆர்க்கிடெக்ட் யாரும் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அனுமதி வாங்குவது இப்போது சுலபமாகிவிட்டதால் வேறொரு மயக்கமும் வந்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் கட்டினால் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். ‘பிளான் அப்ரூவல்தான் உடனே கிடைக்குதே, அப்புறம் எதுக்கு ஆர்க்கிடெக்ட்’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடம் வேறு, வீடு கட்டும் வரைபடம் வேறு. முதலாவது, ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டீர்கள், எத்தனை சதுர அடி என்று அரசுக்குச் சொல்வது. கொத்தனார் அதை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாது. அதுவும் சுயசான்று என்றால் அதில் உள்ளது உண்மை என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள், பிறகு அளவு மாறினால் கேள்வியும் உங்களிடம்தான் வரும். உங்கள் வீட்டுக்கு அப்பா வாங்கிய பழைய அனுமதி வரைபடம் இருக்கிறதா என்று பீரோவில் தேடச் சொல்லுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, அந்த 3 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? வீடு கட்டுவது என்றால் சில நூறு முடிவுகள் எடுப்பது. அவற்றை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் செலவு இருக்கிறது. காகிதத்தில் சுவரை நகர்த்த ரப்பர் போதும். செங்கல் வைத்த பிறகு நகர்த்த இரண்டு நாள் கூலி. தளம் போட்ட பிறகு நகர்த்த முடியாது, அதோடு வாழ வேண்டியதுதான். நல்ல ஆர்க்கிடெக்ட் அந்தச் சில நூறு கேள்விகளையும் காகிதம் காகிதமாக இருக்கும்போதே உங்களிடம் கேட்டுவிடுகிறார். மேஸ்திரி கேட்பது வேலை அந்த இடத்துக்கு வந்த அன்று காலையில். ‘சார், சுவிட்ச் போர்டு எங்க வைக்கட்டும்?’ நீங்கள் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பீர்கள். ‘பார்த்து வைங்க மேஸ்திரி’ என்பீர்கள். அது கதவு திறந்தால் மறைகிற இடத்தில் போய் உட்காரும்.

உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகும் முடிவு மாடிப்படி. மாடி எழுப்புகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அறை எத்தனை என்பதிலேயே ஊறிக்கிடப்பார்கள், படியைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பார்கள். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்று வையுங்கள். படி ஒன்றுக்கு 7 அங்குலம் உயரம் என்றால் 18 படி. கால் வைக்கும் அகலம் 10 அங்குலம், மூன்றடி அகலப் படி, நடுவில் திரும்பும் மேடை என்று போட்டால் படிக்கு மட்டும் 60, 65 சதுர அடி போய்விடும், ஏறி இறங்க நிற்கும் இடத்தைச் சேர்த்தால் 80-ஐத் தாண்டும். வீட்டுக்குள் படி வைத்தால் அந்த 80 சதுர அடி உங்கள் அம்மாவின் கூடத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பழைய தளத்தில் ஓட்டை போட வேண்டும், அங்கே ஓடும் கம்பியை அறுத்தால் மிச்சத் தளம் என்ன ஆகும் என்பதை இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். வெளியே படி வைத்தால் கூடம் பிழைக்கும், ஆனால் மழையில் நனைந்துகொண்டு அம்மா மேலே பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவாரா? பத்து வருடம் கழித்து மாடியை வாடகைக்கு விடுவதாக இருந்தால் வெளிப்படி வசதி. கூட்டுக் குடும்பமாகவே இருப்பதாக இருந்தால் உள்படி. இதை உங்களிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பதில் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த இரண்டு பதிலையும் ஒரே மேஜையில் போட்டு, முன் வராந்தாவின் ஓரத்தில் கூரையோடு படி, கீழே ஒரு கதவு, வேண்டும்போது தனி வீடு, வேண்டாதபோது ஒரே வீடு என்று மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் கொடுக்கலாம். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு முகப்புக்கு முப்பரிமாணப் படம் கலராகப் போட்டுத் தருகிறவருக்கு முப்பதாயிரம்கூட அதிகம்.

ஆகவே ஆர்க்கிடெக்டைப் போய்ப் பார்க்கும்போது அவர் கட்டிய வீடுகளின் படத்தைவிட, அவர் உங்களைக் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். முதல் சந்திப்பில் அவர் பேசியதைவிட நீங்கள் அதிகம் பேசியிருந்தால் நல்ல அறிகுறி. முடிந்தால் அவர் கட்டி நாலைந்து வருடமான ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்மணியிடம் பேசுங்கள். புது வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐந்து மழைக்காலம் பார்த்த வீடு உண்மையைச் சொல்லும்.

நீங்களும் தயாராகப் போக வேண்டும். ‘மூணு பெட்ரூம், ஒரு ஹால், மாடுலர் கிச்சன்’ என்று சொன்னால் அவர் மூன்று பெட்ரூமும் ஹாலும் வரைந்து தருவார், அது யாருடைய வீடாகவும் இருக்கலாம். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதிக்கொண்டு போங்கள். காலையில் முதலில் எழுவது யார், அவர் காபி போடும்போது யார் தூக்கம் கலையும், அம்மா சாமி கும்பிடும் இடம், கிரைண்டர் எங்கே ஓடும், பாத்திரம் கழுவுவது உள்ளேயா வெளியேயா, மழை நாளில் துணி எங்கே காயும், கேஸ் சிலிண்டர் எந்த வழியாக உள்ளே வரும், வண்டி எத்தனை, செருப்பு எங்கே, ஊரிலிருந்து பத்துப் பேர் வந்தால் எங்கே படுப்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா? அப்படியென்றால் கீழ் பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசலில் கால் தடுக்காத நிலைப்படி, சக்கர நாற்காலி நுழையும் அளவுக் கதவு எல்லாவற்றையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கம்பி மாட்டத் துளை போட்டால் டைல்ஸ் உடையலாம்.

2006-இல் தஞ்சாவூர் பக்கம் ஒரு வங்கி ஊழியருக்கு நானே பிளான் போட்டுக் கட்டினேன். அடுப்படியை மேற்கில் வைத்து, வெளிச்சம் நன்றாக வரட்டும் என்று பெரிய ஜன்னல் வைத்தேன், பெருமையாகவும் இருந்தது. அடுத்த வைகாசியில் பார்க்கப் போனபோது அந்த அம்மா ‘நாலு மணிக்கு மேல அடுப்படியில நிக்க முடியல தம்பி’ என்றார். ஜன்னலில் பழைய போர்வை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் பலமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் ஒரு வெடிப்பு இல்லை. எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது அதை மட்டும்தான். வெயில் எந்த மாதம் எந்தச் சுவரில் விழும் என்பது ஆர்க்கிடெக்ட்கள் படித்த பாடம். நம் ஊரில் ஏப்ரல் பாதி தாண்டியதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வெயிலில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும், வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். வடக்குப் பக்கம் உச்சி வெயில் படாது என்று எழுதியிருப்பவை எல்லாம் டெல்லிக்கும் அதற்கு வடக்கேயும் பொருந்துகிறவை. அதைவிட முக்கியம், மாடியில் இருக்கப்போவது நீங்கள். இதுவரை அப்பா தலைக்கு மேல் இருந்த மொட்டை மாடிச் சூடு இனி உங்கள் தலைக்கு மேல் வரும். தளத்தின் மேலே என்ன போடப்போகிறார்கள், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய முறையா, வெள்ளை கூலிங் டைல்ஸா என்பதை உள்ளே போடும் டைல்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்களாக இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் கட்டிக்கொடுக்கும் வீட்டில் என் நம்பிக்கைக்கு இடமில்லை. மனையடி சாஸ்திரத்தின் உள்கூட்டு அளவு, அதாவது அறையின் உள்ளளவு, வேண்டும் என்றால் அதை வைத்தே வரையலாம், அரை அடி முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்த பிறகு சித்தப்பா ஒருவரைக் கூட்டிவந்து ‘வாசல் தப்பா இருக்கு’ என்று சொல்ல வைத்தால்தான் நாசம். அப்படி இடித்த வாசல் இரண்டை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். உங்கள் 1,100 சதுர அடிக்கு மேஸ்திரி சொன்ன கணக்கில் 26 லட்சத்து 40 ஆயிரம். கீழ்வீட்டு வேலைக்கு 10 லட்சம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 3 லட்சம் என்பது மொத்தத்தில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதிகமா குறைவா என்பது அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதைப் பொறுத்தது, அதை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம், தண்ணீர்க் குழாய், கதவு ஜன்னல், பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரைபடம் உண்டா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டணம் அதில் சேர்ந்ததா? எத்தனை முறை சைட்டுக்கு வருவார்? ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா? சேர்க்காமல் என்றால் இன்னும் 54 ஆயிரம். டைல்ஸ் கடை, சானிட்டரி கடையிலிருந்து அவருக்குக் கமிஷன் வருமா? கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஒழுங்கானவர் ‘வராது’ என்பார் அல்லது ‘வரும், உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பார். கட்டணத்தைக் கட்டடச் செலவில் சதவீதமாக வைத்தால் செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும். அதற்காக எல்லோரும் செலவை ஏற்றுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனாலும் புதுப்பிக்கும் வேலைக்கு ஒரே தொகையாகப் பேசிக்கொள்வது இரு பக்கமும் நிம்மதி. வேலை நகர நகரத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணையைச் சைட் வருகைகள் முடியும்வரை கையில் வைத்திருங்கள்.

மேஸ்திரியின் 2,400-க்கும் இதே சோதனை தேவை. சதுர அடிக் கணக்கில் எதெல்லாம் சதுர அடி? சன்ஷேடு, போர்ட்டிகோ, மாடிப்படி, கைப்பிடிச் சுவர் எப்படி அளப்பார்? சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி (அது 2003-லிருந்து இங்கே கட்டாயம்) சேர்ந்ததா? எந்த சிமெண்ட், எந்தக் கம்பி, எத்தனை ரூபாய் டைல்ஸ்? இரண்டு மேஸ்திரிகளின் சதுர அடி விலையை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. முழு வரைபடமும் அளவுப் பட்டியலும் கையில் இருந்தால்தான் மூன்று பேரிடம் ஒரே வேலைக்கு விலை கேட்க முடியும். ஆர்க்கிடெக்டுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி இங்கேயே திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் இத்தனை சதவீதம் மிச்சம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். புது வீட்டுக்குப் பத்து சதவீதம் உபரி வைப்போம் என்றால் இதற்கு இருபதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள்.

ஆர்க்கிடெக்ட் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அருமையான முற்றம் வைத்து ஒருவர் வரைந்த வீட்டை நான் கட்டினேன். வெள்ளிக்கிழமை தளம் போட்டோம், மின்குழாய் வரைபடம் சனிக்கிழமை வந்தது. ஆறு இடத்தில் தளத்தைக் கொத்தினோம். நகரத்தில் பெரிய ஆபீஸ் வைத்திருப்பவர், சைட்டுக்கு மொத்தம் மூன்று முறை வந்தார், அதில் ஒன்று கிரகப்பிரவேசம். இன்னொரு பக்கம், பள்ளிக்கூடமே போகாத ஒரு மேஸ்திரி வரைபடத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ‘சார், இந்த பீம் இறங்கினா பாத்ரூம் வெண்டிலேட்டர் பாதி மறைஞ்சிடும்’ என்று காட்டினார். ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், நான் மூவரும் பார்க்காமல் விட்டது அது. அந்த மாதிரி மேஸ்திரி உங்களுக்கு வாய்த்திருந்தால் விடாதீர்கள். வரைபடம் முடியும் நேரத்தில் ஆர்க்கிடெக்டையும் மேஸ்திரியையும் ஒரு முறை ஒன்றாக உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வருகிற சண்டை எல்லாம் நல்ல சண்டை.

வேலை ஆரம்பித்த பிறகு சண்டை வருவது வேறு காரணத்தால். காலையில் அப்பா வந்து ‘ஜன்னலை ஒரு அடி தள்ளு’ என்பார், மாலையில் போனில் நீங்கள் வேறு சொல்வீர்கள், சனிக்கிழமை ஆர்க்கிடெக்ட் வந்து ‘யார் மாத்தச் சொன்னது’ என்பார். மேஸ்திரிக்கு யார் சம்பளம் கொடுக்கிறாரோ அவர் பேச்சைத்தான் கேட்பார். ஆகவே மாற்றம் எதுவானாலும் வாட்ஸ்அப்பில் ஒரே குழுவில், எழுத்தில், ஆர்க்கிடெக்ட் ‘சரி’ என்று போட்ட பிறகு. அப்பா சொல்வதும் அதே வழியில்தான் போக வேண்டும். சுவரில் குழாய் புதைத்த பிறகு பூச்சுக்கு முன்னால், தளத்தில் கம்பி கட்டிய பிறகு காங்கிரீட்டுக்கு முன்னால், டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது வாழ்த்துவீர்கள்.

காங்கிரீட் விஷயத்தில் நீங்களே கவனிக்கக்கூடியவை சில உண்டு, இவை என் அபிப்பிராயம் இல்லை, காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையில் இருப்பவை. தளம் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை தாண்டும் தூரம் நாலரை மீட்டருக்குள் என்றால் அடியில் தாங்கும் முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குத் தண்ணீர் பிடிப்பது குறைந்தது 10 நாள், 14 நாள் பிடித்தால் நல்லது. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை என்பதால் முட்டைச் சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். காங்கிரீட் போடுகிற அன்று கலவை இறுகுகிறது என்று சித்தாள் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் தடுத்து நிறுத்துங்கள், பலம் போவது அங்கேதான். உங்கள் அப்பா ஓய்வில் இருக்கிறார் என்றீர்கள். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக் கொடுத்தால் அவரைவிட நல்ல மேற்பார்வையாளர் கிடைக்க மாட்டார்.

ஆர்க்கிடெக்ட் தேவையே இல்லாத வேலையும் உண்டு. கீழ்வீட்டில் டைல்ஸ் மாற்றி, அடுப்படி மேடை புதுசாகக் கட்டி, பாத்ரூமைச் சரிசெய்வது மட்டும்தான் என்றால் நல்ல மேஸ்திரியும் நல்ல பிளம்பரும் போதும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் மாடி இருக்கிறது, படி இருக்கிறது, இரண்டு குடும்பம் ஒரே கூரையின் கீழ் வருகிறது. அதனால் ஆர்க்கிடெக்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பக்கம். 3 லட்சம் முடியாது என்றால் முழு வேலையையும் விடாமல், வடிவமைப்பும் கட்டும் வரைபடங்களும் ஆறு சைட் வருகையும் மட்டும் என்று குறைத்துப் பேசலாம். உள் அலங்காரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், அதை ஒரு வருடம் குடியிருந்துவிட்டுச் செய்தால்கூட ஒன்றும் குடிமுழுகாது. படித்து ஐந்தாறு வருடமான இளையவர்கள் குறைவாகக் கேட்பார்கள், சைட்டுக்கும் அடிக்கடி வருவார்கள். அவர்களுக்கு அனுபவம் குறைவு, அதை அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து ஈடுகட்டலாம்.

ஆனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் குழியைத் தோண்டிவிடுங்கள். தோண்டும்போது அப்பாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் தலைமுறையில் வீடு கட்டிய யாரைப் பார்த்தாலும் ஒரு கணக்கு நோட்டு வைத்திருப்பார்கள், எத்தனை லோடு கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எந்தத் தேதியில் கம்பி வந்தது என்று. உங்கள் அப்பாவிடமும் இருக்கலாம். இருந்தால் இன்ஜினியர் வருகிற அன்று அந்த நோட்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.